பெரியவரிலிருந்து சின்னவருக்கு

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேள்வி என்னுடையதல்ல.

இரண்டாயிரத்து ஐந்து மழைக்காலத்தில் புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தேன். கவுண்டரில் ஒருவர் தன் மனைவியின் பரிசோதனை முடிவைக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "அந்தப் பேர்ல யாரும் வரலீங்களே" என்றாள். அவர் கவுண்டர்மேல் கையை ஊன்றினார். பிறகு கேட்டார்:

"அப்ப அன்னிக்கு வந்தது யாரு?"

என் டோக்கனைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை.

நான் கேட்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் இட்டுக்கட்டியது. ஆட்கள், பெயர்கள், நோய், இரண்டு கம்ப்யூட்டர்கள், எல்லாமே. கோபம் மட்டும் இட்டுக்கட்டியதல்ல.

2

முதல் வரி மூன்று எழுதினேன்.

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது." (அடித்தாயிற்று. தமிழில் பாதிக் கதைகள் நனைந்தபடியே தொடங்குகின்றன.)

"நினைவு என்பது" (இதற்கு மேல் எழுத வெட்கமாக இருந்தது.)

"கலைவாணி அம்புக்குறியைப் பெரியவரிலிருந்து சின்னவருக்கு வைத்தாள்."

இது இருக்கட்டும். ஆனால் இவள் யார், எந்த அம்பு, யார் பெரியவர் என்று சொல்லாமல் இங்கே தொடங்குவது கெட்டிக்காரத்தனம். கெட்டிக்காரத்தனத்தால்தான் இந்தக் கதையில் ஒருத்திக்கு ஆபத்து வருகிறது. எனவே, நேராக.

3

ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரமெல்லாம் ஒரு சர்வரில் இருந்தது. பெயர், எண், முடிவு. அது ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு குளிர் அறையில் இருந்தது. அதே மாதிரி இன்னொன்று புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில், தொழிற்பேட்டைக்குள் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில். இதில் எழுதுவது உடனே அதிலும் எழுதப்படும். இது படுத்தால் அது எழுந்து வேலை பார்க்கும். ஆஸ்பத்திரி ஒரு நிமிஷம்கூட நிற்காது.

நல்ல ஏற்பாடு. உலகம் முழுக்க இருக்கிற ஏற்பாடு. எனக்கு அதன்மேல் புகார் இல்லை.

பெயர் வைத்ததில்தான் புகார்.

நிர்வாகி சுப்ராயன். பிரான்சில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஊழியர்கள் அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி "முசியே", ஐயா, என்பார்கள். இரண்டு சர்வருக்கும் மூத்தவன், இளையவன் என்று பிரெஞ்சில் பெயர் வைத்தார். ஊழியர்கள் வாயில் அது பெரியவர், சின்னவர் ஆயிற்று. மரியாதை விகுதியைச் சேர்த்தது நம்மவர்கள்தான். இயந்திரமானால் என்ன, மூத்தது மூத்தது.

கலைவாணி இரண்டையும் பார்த்துக்கொண்டவள். எம்.சி.ஏ. பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். காலையில் ஆஸ்பத்திரியில் பெரியவரைப் பார்த்துவிட்டு, பஸ் ஏறிப்போய்ச் சின்னவரைப் பார்ப்பாள். "மாமியாரப் பாத்தாச்சு, நாத்தனாரப் பாக்கப் போறேன்" என்று கவுண்டரில் சொல்லிவிட்டுப் போவாள்.

(முன்பெல்லாம் தினமும் விவரங்களைக் காந்த நாடாவில் நகல் எடுத்துத் தனியாகப் பூட்டி வைக்கும் வழக்கம் இருந்தது. சுப்ராயன் நிறுத்தினார். "அதான் மாத்து இருக்குல்ல?" என்றார். மாத்துத் துணி, மாத்துச் சாவி மாதிரி நினைத்துக்கொண்டார். இது அந்த மாத்து அல்ல. கண்ணாடியில் தெரியும் முகம். நீ கரி பூசிக்கொண்டால் அதுவும் பூசிக்கொள்ளும்.)

4

ஐப்பசி மழையில் மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் வந்தது. பெரியவர் படுத்தார். சின்னவர் எழுந்தார். மழை ஓயும்வரை வந்த நோயாளிகளுக்கெல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்துதான் எண் வந்தது. கவுண்டரில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

தண்ணீர் வடிந்தது. பெரியவரைத் துடைத்துக் காயவைத்து எழுப்பினார்கள். இப்போது இரண்டையும் சமமாக்க வேண்டும். திரையில் இரண்டு பெயர், நடுவே ஓர் அம்பு. எதிலிருந்து எதற்கு?

மழை நாட்களில் நடந்ததெல்லாம் சின்னவரிடம்தான் இருக்கிறது. பெரியவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் படுத்திருந்தார். எனவே சின்னவரிலிருந்து பெரியவருக்கு. ஒரு குழந்தைகூடச் சொல்லும்.

சுப்ராயன் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"பெரியவர்ட்டேர்ந்து சின்னவருக்கும்மா. அதானே முறை?"

இந்த இடத்தில் கலைவாணி என்ன செய்தாள்?

முதல் பிரதியில் இப்படி எழுதினேன்: "'வேணாம் முசியே, மழைக்கணக்கு எல்லாம் அழிஞ்சிடும்' என்று கலைவாணி கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை. அவள் கண்ணீரோடு"

அடித்துவிட்டேன். அப்படி எழுதினால் தப்பு ஒருவருடையதாகிவிடும். வாசகர் அவள் பக்கம் உட்கார்ந்துகொண்டு நிம்மதியாகப் படிப்பார். அந்த நிம்மதியைத் தர எனக்கு மனமில்லை.

நடந்தது இது. அவளுக்கும் அது முறையாகவே தோன்றியது. அவள் வீட்டில் அண்ணன் சட்டைதான் தம்பிக்கு வந்தது. தம்பி சட்டை அண்ணனுக்கு ஏறியதில்லை. கை தானாகப் போயிற்று. கலைவாணி அம்புக்குறியைப் பெரியவரிலிருந்து சின்னவருக்கு வைத்தாள்.

அழுத்தினாள்.

பெரியவர் தனக்குத் தெரியாததை எல்லாம் சின்னவரிடமிருந்து அழித்தார். மழை நாட்களில் ஆஸ்பத்திரிக்கு யாரும் வரவில்லை என்றாயிற்று.

அதோடு போகவில்லை. விட்ட இடத்திலிருந்து பெரியவர் மறுபடி எண் கொடுக்க ஆரம்பித்தார். மழையில் ஒருத்திக்குக் கொடுத்த எண், வெயிலில் இன்னொருத்திக்குப் போயிற்று.

5

நான் கவுண்டரில் பார்த்தவருக்கு மண்ணாங்கட்டி என்று பெயர் வைக்கிறேன். சிரிக்க வேண்டாம். முன்னால் பிறந்ததெல்லாம் தங்காமல் போனால், எமனுக்கு ஆசை வராதபடி வைக்கிற பெயர் அது. இருக்கிற பெயர்களிலேயே கவலையோடு வைத்த பெயர்.

அவருக்குக் கொஞ்சம் நிலம். அது போக மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் ஷிஃப்ட். மனைவி செல்வாம்பாள். மாதக்கணக்காகச் சோகை, ரத்தம் ஏறவில்லை. ஏன் என்று தெரியவில்லை. மழையில் கூட்டி வந்து, இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். வீட்டுக்குப் போனதும் அவள் சொன்னாள்: "செத்தாலும் சரி, இன்னொரு தபா அந்த மேசையில படுக்கமாட்டேன்."

கவுண்டரில் அந்தக் கேள்வியை அவர் கேட்டபோது உள்ளே கலைவாணியைக் கூப்பிட்டார்கள். (இங்கிருந்து நான் பார்க்கவில்லை.)

"ரசீது இருக்குதா அண்ணே?"

"தோ." சட்டைப்பையிலிருந்து எடுத்தார். நனைந்து காய்ந்திருந்தது. "இத்த நான் வூட்லயா அச்சடிச்சேன்?"

எண் 4417. கலைவாணி தட்டினாள். திரையில் வந்தது: ஜெர்மேன். முதலியார்பேட்டை.

"இன்னா பாப்பா, மூஞ்சி மாறுது?"

"ஒண்ணுமில்லண்ணே. உக்காருங்க."

"உக்காந்து உக்காந்துதான் எம் பின்னாடி தேஞ்சிபோச்சி. எம் பொண்டாட்டி வந்தாளா, வரலியா? அத்த சொல்லு."

"வந்தாங்க" என்றாள் கலைவாணி. பெரியவர் இல்லை என்கிறார். சின்னவரும் இல்லை என்கிறார். அவள் மட்டும் சொன்னாள்.

6

ஜெர்மேனைப் பற்றி. கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து இறந்தவர். பென்ஷன் வருகிறது. மகள் பிரான்சில், துலூஸில். ஜெர்மேனுக்கும் அதே சோகை, அதே ஊசி, அதே மேசை. மழை விட்ட பிறகு வந்தாள். பெரியவர் அவளுக்கு 4417 என்று கொடுத்தார்.

மஜ்ஜையைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து ஓரத்தில் எண்ணை மட்டும் எழுதுவார்கள். பெயர் எழுதக்கூடாது. சுப்ராயன் உத்தரவு. "ஒரே பேர பிரெஞ்சுல ஒரு மாதிரி, தமிழ்ல நாலு மாதிரி எழுதி வெப்பீங்க. எண் பொய் சொல்லாது."

கலைவாணி பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினாள். டாக்டர் அனைஸ் தட்டில் தேடி, இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டிலும் 4417. ஒரே கை எழுத்து.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் டாக்டர். "ஒருத்திக்கே ரெண்டு ஸ்லைடு தேய்க்கறது உண்டுதான். ஆனா இது ஒண்ணு சுத்தமா இருக்கு. இன்னொண்ணுல கெட்ட அணு ரொம்பி வழியுது. ஒரே எலும்புல எப்படி ரெண்டு ஊர் இருக்கும்?"

"ரெண்டு பேரு டாக்டர்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எது யாரோடது?"

மழையில் இறங்கிய ஊசி எது, வெயிலில் இறங்கிய ஊசி எது என்று கண்ணாடிக்குத் தெரியாது.

இரண்டு பேரில் ஒருத்திக்கு ரத்தப் புற்று. உடனே வைத்தியம் தொடங்கினால் பிழைக்கலாம். மற்றவளுக்கு அந்த மருந்தைக் கொடுத்தால் அதுவே கொல்லும்.

"ரெண்டு பேரையும் கூப்பிட்டு உண்மையச் சொல்லி மறுபடி எடுக்கணும்" என்றார் டாக்டர். "இன்னிக்கே."

7

சுப்ராயனை எழுத எனக்குச் சிரமமாக இருக்கிறது. அவரைக் கெட்டவராக்க ஆசை. மீசை வைக்கலாம். ஊழியர்களைத் திட்டவைக்கலாம். ஆனால் அவர் பொங்கலுக்கு எல்லாருக்கும் துணி எடுத்துத் தருகிறவர். கலைவாணியின் தங்கைக்குக் காலேஜில் இடம் வாங்கித் தந்தவர். இது என் கோபத்தைக் குறைக்கவில்லை. கூட்டுகிறது. நல்லவர்கள் நிதானமாகச் செய்கிற காரியம் இது.

"உக்காரும்மா. தண்ணி குடி. செல்வாம்பாள்னு யாரு?"

"பாகூர்ப் பக்கம் முசியே. மழையில வந்தாங்க."

"பெரியவர்ல இருக்குதா?"

"நாமதான அழிச்சோம்."

"இருக்குதா இல்லியா?"

"இல்ல."

"அப்ப இல்ல."

"ரசீது இருக்குது முசியே!"

"மழையில சின்னவரு ஏதோ உளறியிருப்பாரு. ரெண்டு ஸ்லைடும் அந்த ஜெர்மேன் மதாமோடது. ஒண்ணு சரியா தேய்க்கல. கெட்டது தெரியறதுதான் நெசம். அந்தம்மாவக் கூப்பிட்டு வைத்தியம் ஆரம்பிக்கச் சொல்லு. இன்னொருத்தி திரும்பி வந்தா, புதுசா வந்த மாதிரி எண் போட்டு எடுத்துக்கலாம்."

"அவங்க திரும்பி வரமாட்டாங்க. மேசையில படுக்கமாட்டேன்னு சொல்லிட்டாங்களாம். கெட்டது அவங்களோடதா இருந்தா?"

சுப்ராயன் ஜன்னலைப் பார்த்தார். "வெளியில தெரிஞ்சா மழையில வந்த எல்லாரும் வந்து நிப்பாங்க. ஆஸ்பத்திரிய இழுத்து மூடணும். யாரு அழுத்துனதுன்னு கேப்பாங்க. நீ சொல்லுவியா?"

"சொல்லுவேன். யாரு சொல்லி அழுத்துனேன்னும் சொல்லுவேன்."

(எழுதும்போது இந்த வரி தானாக வந்தது. அவளிடம் இவ்வளவு தைரியம் உண்டா என்று சந்தேகமாக இருந்தது. இரண்டு நாள் அடித்து வைத்திருந்தேன். பிறகு திருப்பிப் போட்டேன். அது தைரியமல்ல, ஆத்திரம். ஆத்திரம் எல்லாரிடமும் உண்டு.)

8

இங்கே சில முடிவுகள் கைவசம் இருக்கின்றன. வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்.

(அ) கலைவாணிக்குப் பயம் வந்து வாயை மூடிக்கொள்கிறாள். ஜெர்மேனுக்கு வைத்தியம் தொடங்குகிறது. செல்வாம்பாள் வீட்டில் இருக்கிறாள். இது நடக்கக்கூடியது. நடக்கக்கூடியது என்பதாலேயே எழுதக் கை கூசுகிறது.

(ஆ) பழைய நாடா ஒன்று பீரோவுக்குப் பின்னால் கிடைக்கிறது. அதில் எல்லாம் இருக்கிறது. சுபம். (மன்னிக்கவும். நாடா நின்று நாளாயிற்று. இல்லாததைக் கதை கொண்டுவந்து வைக்காது.)

(இ) கலைவாணி இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிறாள்.

(இ)யை எடுத்துக்கொள்கிறேன்.

9

பரிசோதனைக் கூடத்துக்கு வெளியே பெஞ்சு. ஒரு கோடியில் ஜெர்மேன், பூப்போட்ட கவுன், கையில் குடை. மறு கோடியில் செல்வாம்பாள், இடுப்பு வலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள்; ஊசி இல்லை, பேசத்தான் என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தார்கள். மண்ணாங்கட்டி சுவரோடு நின்றார். கலைவாணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெரியவர், சின்னவர், அம்பு, முசியே சொன்னது, தன் கை, ஒரே எண், இரண்டு கண்ணாடி.

முடித்தபோது யாரும் அவளைப் பார்க்கவில்லை.

செல்வாம்பாள் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தாள்.

"யம்மா, உங்களுக்கும் இடுப்புலதான் குத்துனாங்களா?"

"ஆமாம்மா."

"கத்துனீங்களா?"

"கத்தல. பிரெஞ்சுல திட்டினேன்."

"நான் தமிழ்லயே திட்டினேன். ரோட்டு வரிக்கும் கேட்டுருக்கும்."

ஜெர்மேன் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. "எனக்கில்லன்னா ஒனக்கு. ஒனக்கில்லன்னா எனக்கு. மாதாகிட்ட நான் என்னன்னு வேண்டிக்கறது?"

செல்வாம்பாள் யோசித்தாள்.

"வேண்டாதீங்க. அந்தாளத் திட்டுங்க. அதுக்கு ரெண்டு பேருக்கும் ஒரே வாயி போதும்."

அந்தாள் வந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். வேகமாக வந்தவர், பெஞ்சைப் பார்த்ததும் நடையை மாற்றிக்கொண்டார்.

"போன்ழூர் மதாம்" என்று ஜெர்மேனுக்கு வணக்கம் சொன்னார். "ஒரு சின்னக் குழப்பம், அவ்வளவுதான். நீங்க உள்ள வாங்க, தனியா பேசலாம்."

ஜெர்மேன் எழவில்லை. செல்வாம்பாள்தான் பேசினாள்.

"எதுய்யா சின்னது? ஒன் இடுப்பக் காட்டு. குத்திப் பாத்துட்டு சொல்லு, சின்னதா பெருசான்னு."

"ஏ, சும்மா இரு" என்றார் மண்ணாங்கட்டி, வழக்கத்தில். பிறகு அவரே, "இல்ல, நீ கேளு" என்றார்.

டாக்டர் அனைஸ் கதவைத் திறந்தார். "மேசை தயார். ரெண்டு பேருக்கும் எடுக்கணும். நேரம் போகுது."

"நான் படுக்கமாட்டேன்" என்றாள் செல்வாம்பாள்.

"அம்மா, ஒங்க உயிர்ம்மா" என்றாள் கலைவாணி.

"உசுருதான். வராத பொம்பளைக்கு ஏது உசுரு? நான் வர்லன்னு இந்தாளுதான சொன்னாரு. அன்னிக்கு வந்தேன்னு இவரு வாயால சொல்லட்டும். அப்பறம் படுக்கறேன்."

சுப்ராயன் ஜெர்மேனிடம் பிரெஞ்சில் ஏதோ தொடங்கினார்.

"தமிழ்ல" என்றாள் ஜெர்மேன். "எங்கிட்ட இல்ல. அவங்ககிட்ட."

10

அவர் சொல்வாரா?

என் முதல் பிரதியில் சொல்லவில்லை. திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார். இரண்டாவதில் வக்கீலைக் கூப்பிட்டார். இரண்டும் நம்பும்படி இருந்தன. நான் அறிந்த நிர்வாகிகள் எவரும் இந்த இடத்தில் வாய் திறக்கமாட்டார்கள். ஒரு வார்த்தை சொன்னால் மழையில் வந்த அத்தனை பேரும் உயிரோடு எழுந்து வந்து நிற்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அவர் சொல்லாவிட்டால் செல்வாம்பாள் படுக்கமாட்டாள். அவள் படுத்தே ஆக வேண்டும். எனவே அதிகாரத்தைப் பயன்படுத்துகிறேன். எழுதுகிறவனுக்கு இருக்கிற ஒரே அதிகாரம். நம்பாதவர் நம்ப வேண்டாம். கதையிலாவது ஒருவனைச் சொல்ல வைக்காவிட்டால் கதை எதற்கு?

"வந்தீங்க" என்றார் சுப்ராயன்.

"யாரு?" என்றாள் செல்வாம்பாள்.

அவருக்குப் பெயர் மறந்திருந்தது. கலைவாணியைப் பார்த்தார். கலைவாணி சொல்லித் தரவில்லை. மண்ணாங்கட்டியும் சொல்லவில்லை. சுப்ராயன் கையை நீட்டிக் கேட்டு, நனைந்த ரசீதை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"செல்வாம்பாள். நீங்க வந்தீங்க."

செல்வாம்பாள் எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஜெர்மேன் குடையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு அவள் பின்னால் போனாள். கதவு மூடியது. சற்று நேரத்தில் ரோட்டு வரைக்கும் கேட்டது, தமிழில்.

11

முடிவு வந்தது. டாக்டர் அனைஸ் இந்த முறை எண்ணோடு பெயரையும் எழுதினார். பிரெஞ்சில் ஒன்று, தமிழில் ஒன்று. கெட்டது யாருடையது என்று சொல்ல அவர் உதடு அசைவதைக் கலைவாணி பார்த்தாள். அவளுக்கு வேலை போயிற்று. அதை அவள் எதிர்பார்த்திருந்தாள்.

டாக்டர் யார் பெயரைச் சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை.

எழுதலாம். ஒரு வரி போதும். நான் எழுதினால் அதுவே உண்மையாகிவிடும். திருப்பிப் பார்க்க வேறொரு பிரதி கிடையாது. ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, பார்த்தேயிராத இரண்டு பெண்களில் ஒருத்தியின் ரத்தத்தில் அந்தப் புற்றை வைப்பது எவ்வளவு சுலபம் என்று இந்த வாரம் முழுக்கக் கண்டுகொண்டேன். காலையில் ஒருத்திக்கு வைத்தேன். கதை உருக்கமாக இருந்தது. மாலையில் மற்றவளுக்கு மாற்றினேன். நியாயமாக இருந்தது. இரண்டு முறையும் காப்பி ஆறவில்லை.

அதனால் மாட்டேன்.

ஆனால் நீங்கள் இதற்குள் நோயை ஒருத்திக்குக் கொடுத்துவிட்டீர்கள். ஆறாம் பகுதியில் இரண்டு கண்ணாடிகள் மேசைக்கு வந்த உடனேயே கொடுத்திருப்பீர்கள். யாரும் கேட்காமல், யாரும் பார்க்காமல், படித்துக்கொண்டே. பென்ஷன் வருகிறவள், மகள் வெளிநாட்டில் இருப்பவள், வைத்தியம் பார்த்துக்கொள்வாள் என்று அவளுக்கு. அல்லது, ஏழைக்குத்தானே எப்போதும் வரும் என்று இவளுக்கு.

யாருக்குக் கொடுத்தீர்கள்?

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. இருவரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.